கடைத்தெருவா, கண்காட்சியா?

பழைய கடைத்தெருக்களை அழிப்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் கடப்பாரையோடு வருகிறார். மற்றவர் சாய டப்பாவும் தூரிகையுமாக வருகிறார். கடப்பாரைக்காரரை எல்லோருக்கும் தெரியும்; அவரைத் திட்டிக் கட்டுரை எழுதுவதும் சுலபம். சாயக்காரருக்கோ ஊரே கூடி மாலை போடுகிறது. 'பாரம்பரியம்' என்ற சொல்லை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவதால் அவரை நண்பர் என்று நினைத்துவிடுகிறோம். இந்த இருவரில் யாரால் சேதம் அதிகம் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இடிக்கிறவர் ஒரு கட்டடத்தை இடிக்கிறார். அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. வெறும் முகப்புக்குச் சாயம் அடிக்கிறவர், உள்ளே தெரு செத்துக்கொண்டிருப்பதை வெளியே தெரியாமல் மூடிவிடுகிறார். வைத்தியம் நடக்கிறது என்று ஜனங்கள் நிம்மதியாக இருக்கும்போதே நோயாளி போய்விடுகிறான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. 2016-ல் நடந்ததைவிடப் பெரிதாக நடத்த வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். சர்க்கார் பணம் ஊருக்குள் வரும். சாலை போடுவார்கள், விளக்குப் போடுவார்கள், குளக்கரை மண்டபங்களுக்கு வர்ணம் தீட்டுவார்கள். பழைய வீதிகளுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சிலர் சொல்லத்தான் போகிறார்கள். என்ன செய்வது என்பதுதான் கேள்வி. முகப்புகளுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சாயம் அடித்து, ஒரே மாதிரிப் பெயர்ப்பலகை மாட்டி, நடைபாதையில் கல் பதித்து, ஒரு பெரிய மனிதரைக் கொண்டு ரிப்பன் வெட்டினால் போதுமா? போதும் என்பவர்களோடுதான் எனக்கு முக்கியமான சண்டை. இடித்துத் தள்ளிவிட்டு அகலமாகக் கட்டு என்பவர்களோடும் சண்டை உண்டு. ஆனால் அது பழைய சண்டை.

முதலில் கடைத்தெரு என்றால் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். அது கடைகள் வரிசையாக இருக்கும் இடம் என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. கடைகள் வரிசையாக இருப்பது சந்தையிலும் உண்டு, பொருட்காட்சியிலும் உண்டு. கடைத்தெரு என்பது மனிதர்கள் குடியிருந்துகொண்டே வியாபாரம் செய்கிற தெரு. நம் ஊர்களில் கட்டட மனை தெருப்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் நீளமாகவும் இருப்பது தற்செயலல்ல. தெருமுகம்தான் வியாபாரத்துக்கு விலைமதிப்புள்ள இடம். ஆகவே அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முன்னால் கடை, அதற்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறை, அதற்கும் பின்னால் முற்றமும் அடுக்களையும், மேலே மச்சு. பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் வெயில் தாக்காது. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாக வரும். காலையில் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினால் கடை திறந்துவிட்டது. இரவில் வரிசை தவறாமல் மாட்டினால் வீடு பத்திரமாகிவிட்டது. கடை சாத்திய பிறகும் மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த விளக்குதான் தெருவுக்குக் காவல். அதற்குத் தனியாக ஒரு கூர்க்காவை நியமிக்க வேண்டியதில்லை.

இதோடு இன்னொன்றும் உண்டு. கோயில் ஊர்களில் தேர் ஓடும் வீதிகளின் அகலத்தைத் தேரே காப்பாற்றி வந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் தேர் வருமே என்ற பயத்தில் கடைக்காரர் தம் படியையும் பந்தலையும் உள்ளே இழுத்துக்கொள்வார். நகரசபை நோட்டீசுக்கு அடங்காத ஆக்கிரமிப்பு, சுவாமிக்கு அடங்கியது. இது பக்தியைப் பற்றிய பேச்சல்ல. தெருவை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஒரு தவணை முறை இருந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்கிறோம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிக்கு அப்படி ஒரு ஜீர்ணோத்தாரணம் உண்டா? கிடையாது. விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்து, விழுந்த பிறகு 'ஐயோ பாரம்பரியம்!' என்கிறோம்.

இப்படிக் குடியிருப்பும் வியாபாரமும் கச்சேரியும் கல்லூரியும் நடக்கிற தூரத்தில் நெருங்கியிருக்கிற ஊரில் என்ன விளையும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். 1880-ல் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அதே வருஷம் சேலம் இராமசாமி முதலியார் அந்த ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். ஊருக்கு வந்த அதிகாரியைப் பார்த்து வரலாமே என்று ஐயர் போனார். அந்தப் பேச்சில் சீவகசிந்தாமணி வந்தது. 1887-ல் அது அச்சாகி வெளிவந்தது. நீதிமன்றத்தை ஊருக்கு வெளியே எட்டு மைலில் ஒரு பொட்டலிலும், கல்லூரியை எதிர்த்திசையில் இன்னொரு பொட்டலிலும் வைத்திருந்தால் இந்தச் சந்திப்பு நடந்திருக்குமா? நடந்திருக்கலாம், ஆனால் நான் பந்தயம் கட்ட மாட்டேன். வியாபாரத்திலும் இப்படித்தான். 1904-ல் கும்பகோணம் பாங்கு என்று ஆரம்பித்த ஸ்தாபனம் இன்று சிட்டி யூனியன் பாங்கு என்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. அதன் பதிவு அலுவலகத்தின் விலாசம் இன்றும் கும்பகோணம் பெரிய தெருதான். ஒருவரையொருவர் தினமும் பார்த்து, ஒருவர் நாணயத்தை ஒருவர் அறிந்திருந்த ஊரில்தான் ஒரு பாங்கு முளைக்கும்.

சரி, இத்தனை உயிரோடு இருந்த தெருக்கள் ஏன் நலிகின்றன? 'காலம் மாறிவிட்டது' என்று பெருமூச்சு விடுகிறவர்களை நான் நம்புவதில்லை. காலம் தானாக மாறுவதில்லை. சில மனிதர்கள் சில காகிதங்களில் கையெழுத்துப் போட்டு அதை மாற்றுகிறார்கள். அந்தக் கையெழுத்துகளில் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது வாடகை. யுத்த காலத்தில் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1960-ல் நிரந்தரச் சட்டமாக உட்கார்ந்தது. ஏழைக் குடித்தனக்காரனைக் காப்பது அதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைத்தெருவில் நடந்தது என்ன? தாத்தா பேசிய வாடகையைப் பேரன் கட்டிக்கொண்டிருந்தான். அந்த வாடகையில் ஓர் ஓடுகூட மாற்ற முடியாது என்று வீட்டுக்காரர் கைவிட்டார். கட்டடம் என்னுடையதல்லவே என்று கடைக்காரரும் கைவிட்டார். இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். மழை மட்டும் வாய்தா வாங்காமல் வருஷா வருஷம் வந்தது. சுவர் விழுந்தால் குடித்தனக்காரன் தானாகப் போவான் என்று காத்திருந்த வீட்டுக்காரர்களும் உண்டு. கடைசியில் 2017-ல் புதுச் சட்டம் இயற்றி, 2019-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கட்டுப்பாடு போயிற்று. ஒப்பந்தப்படி வாடகை என்றாயிற்று.

போனது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நம்மவர்கள் வாழ்கிற இன்னோர் ஊரில் இதே காரியம் எப்படி முடிந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரால் வந்தது. பக்கத்தில் குயின் தெருவில் 1833-ல் எழும்பிய மகாமாரியம்மன் கோயில். கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்பு அங்கும் அப்படியே. அங்கேயும் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1997-ல் அதை ரத்துச் செய்து சட்டம் போட்டு, 2000 பிறந்தபோது முழுவதும் நீக்கிவிட்டார்கள். என்ன ஆயிற்று? தலைமுறை தலைமுறையாக மாடியில் குடியிருந்தவர்களும் கீழே சிறு தொழில் செய்தவர்களும் வாடகை ஏறித் தாங்க முடியாமல் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ அந்த ஊருக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. சுவர்களுக்குப் பட்டம் கிடைத்த வேளையில் அந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களில் பலர் அங்கே இல்லை. வந்து இறங்கியவை உல்லாசப் பிரயாணிகளுக்கான விடுதிகளும் காப்பிக் கடைகளுமே. கட்டுப்பாடு தெருவைப் புழுத்துப்போக வைத்தது. கட்டுப்பாட்டைச் சட்டென்று நீக்கியது தெருவைக் காலி செய்தது. இரண்டுக்கும் நடுவே, பழுதுபார்க்கிற வீட்டுக்காரருக்குச் சகாயமும், நெடுநாள் கடைக்காரருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் வாடகையும் என்று ஒரு வழி இருக்கிறது. அதைத் தேட யாருக்கும் பொறுமையில்லை.

இரண்டாவது கையெழுத்து, ஊரை ஊருக்கு வெளியே அனுப்புவது. நெரிசல் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி முதலில் பஸ் நிலையத்தை வெளியே கொண்டுபோவார்கள். பிறகு தாலுகா கச்சேரி போகும். பிறகு பத்திரப் பதிவு அலுவலகம், பிறகு காய்கறிச் சந்தை. ஒவ்வொன்றும் போகும் இடத்தில் முன்கூட்டியே நிலம் வாங்கி வைத்திருப்பவர்கள் யார் என்று விசாரித்தால் சுவாரஸ்யமான கதைகள் கிடைக்கும். ஒரு நாவலாசிரியனுக்கு ஆயுசுக்கும் போதும். பத்திரம் பதிய வந்த குடியானவன் வேலை முடிந்ததும் ஒரு பித்தளைக் குடம் வாங்கினான், ஒரு புடவை எடுத்தான், இரண்டு இட்லி சாப்பிட்டான். அவன் வருகையை நிறுத்திவிட்டு, 'கடைத்தெருவில் வியாபாரம் படுத்துவிட்டது, ஜனங்களுடைய ருசி மாறிவிட்டது' என்று ஆராய்ச்சி செய்கிறோம். பழைய தெருவில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, சாக்கடை இருக்கிறது, மின்கம்பம் இருக்கிறது. புதுப் பொட்டலில் இவை எல்லாவற்றையும் மறுபடி பொதுப் பணத்தில் போடுகிறோம். ஏற்கெனவே உள்ளதைப் பாழாக்கிவிட்டு இல்லாததைப் புதிதாகச் செய்வதற்குப் பெயர் வளர்ச்சி.

மூன்றாவது கையெழுத்து, வாரிசுப் பத்திரத்தில் விழுவது. இதில் சர்க்கார் மட்டும் குற்றவாளியல்ல. செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மாவில் வட்டித் தொழில் செய்து, அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து, தெருவிலிருந்து தெருவரை நீளும் வீடுகளைக் கட்டினார்கள். யுத்தம் வந்தது, பர்மாவில் சொத்துப் போயிற்று. வீடு மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டுக்கு இன்று எத்தனையோ பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கூடுகிறார்கள். மராமத்துக்கு யார் பணம் போடுவது என்று மட்டும் முடிவாவதில்லை. முடிவாகாத சொத்துக்கு ஒரே முடிவுதான்: பிரித்து விற்பது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. அங்கே நிலைக்கதவு நிற்கிறது, தூண் படுத்திருக்கிறது, முட்டை வெள்ளை சேர்த்து மெருகேற்றிய சுவருக்கு முன்னால் ஒரு காலத்தில் தொங்கிய படங்கள் குவிந்துகிடக்கின்றன. செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் சேர்ந்ததால் ஒரு தூணாவது விற்பனைக்கு வராமல் நின்றதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தூணை வாங்கிப் பெருநகரத்து ஓட்டலின் வரவேற்பறையில் நிறுத்துகிறவர்கள், தங்களைக் கலாரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எலும்பு வியாபாரிக்குப் பசுவின் மேல் பாசம் என்று சொல்வதைப் போல இருக்கிறது!

இனி, காப்பாற்றப்பட்ட ஒரு தெருவுக்குப் போவோம். தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். தமிழில் அச்சுப் புத்தகம் வளர்ந்த ஊர்களில் ஒன்று. கிங்ஸ் தெருவில் 2004-ன் சுனாமிக்குப் பிறகு நல்ல மனசோடு பலர் வந்து உழைத்தார்கள். சுண்ணாம்புக் காரையைச் சரியான பக்குவத்தில் அரைத்து, தூண்களை நிமிர்த்தி, திண்ணைகளை மீட்டு, பார்க்கப் பாந்தமாகச் செய்திருக்கிறார்கள். அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. கொத்தனார்கள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தெருவில் ஒரு பிற்பகலில் நின்று பாருங்கள். கடற்காற்று உண்டு, அமைதி உண்டு, அழகு உண்டு. ஒரு பலசரக்குக் கடையில் கால் கிலோ துவரம் பருப்புக்குப் பேரம் பேசும் குரல் உண்டா? வியாபாரம் அந்த ஊரைவிட்டுப் போனது சுவர் இடிந்ததால் அல்ல. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். 1861-ல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, தரங்கம்பாடிக்கு வரவில்லை. 1926-ல்தான் மாயவரத்திலிருந்து ஒரு கிளை ரயில் விட்டார்கள். 1986-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பிழைப்புப் போன வழியே ஜனங்களும் போனார்கள். காரணம் ரயில் என்றால் மருந்து காரையில் இருக்குமா? அந்தச் சுவர்களைக் காத்தது சரி. ஆனால் அதைக் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் முன்மாதிரி என்று யாராவது காட்டினால், உயிரோடு இருப்பவனுக்குச் சமாதியை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள் என்றே சொல்வேன்.

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதங்களையும் ஒதுக்கிவிடக்கூடாது. அவர்களில் இரண்டு பேர் மரியாதைக்குரியவர்கள்.

ஒருவர் கேட்கிறார்: 'பழைய தெரு, பழைய தெரு என்கிறீரே, அந்தத் தெருக்களில் யார் யார் நடக்கலாம், யார் யார் நடக்கக்கூடாது என்று விதி இருந்ததே, அது உமக்குத் தெரியாதா? அந்தத் தெருக்கள் ஒழிந்தால் எங்களுக்கு என்ன நஷ்டம்?' நேர்மையான கேள்வி. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறைப்பட்டார். தெருவில் நடப்பதற்கே ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்த நாட்டில், பழைய வீதிகளின் 'அமைதியான அழகை'ப் பற்றி உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. அந்த அமைதி எப்படிக் கிடைத்தது என்று கேட்க வேண்டாமா? ஆனால் நண்பருக்கு என் பதில் இது: நெடுங்காலம் போராடி அந்தத் தெரு எல்லோருக்கும் பொதுவானது. பொதுவான மறுநாளே அதைப் பாழாக்கிவிட்டு, காவல்காரன் வாசலில் நின்று ஆளையும் சட்டையையும் பார்த்து உள்ளே விடுகிற குளிர்சாதனக் கட்டடத்தைப் புதிய கடைத்தெரு என்கிறார்களே, இதில் லாபம் யாருக்கு? காசில்லாதவனும் கைவீசி நடக்கக்கூடிய இடம் கடைத்தெரு ஒன்றுதான். தடை இருந்ததைச் சொல்லாமல் தெருவைப் பாதுகாப்பது பொய். தடை இருந்த காரணத்துக்காகத் தெருவையே கைவிடுவது, வென்ற வழக்கின் சொத்தை எதிராளிக்கே எழுதிக் கொடுப்பது.

மற்றவர் கேட்பது உயிரைப் பற்றி. '1992 மகாமகத்தில் நெரிசலில் பலர் மாண்டார்கள். 2004-ல் இதே கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். நெருக்கமான கட்டடங்களைக் காப்பாற்று என்கிறீரே, மனசாட்சி இருக்கிறதா?' இந்தக் கேள்விக்கு முன் தலைகுனியாமல் யாரும் பேச முடியாது. ஆனால் அந்தக் குழந்தைகளைக் கொன்றது கட்டடத்தின் வயசா? கீற்றுக் கூரை, குறுகலான ஒரே மாடிப்படி, அளவுக்கு மீறி அடைத்த வகுப்புகள், இவற்றையெல்லாம் பார்க்க வேண்டியவர்கள் பாராமல் இருந்தது. நேற்றுக் கட்டிய கான்கிரீட் கட்டடத்திலும் இதே பாவத்தைச் செய்யலாம், செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆகையால் பழைய தெருவைப் புதுப்பிக்கப் போகிறவர் முதல் ரூபாயைச் செலவிட வேண்டியது முகப்பில் அல்ல. அறுந்து தொங்கும் மின்கம்பிகளில், இரண்டாவது மாடிப்படியில், தீயணைப்பு வண்டி நுழைய வேண்டிய சந்தில், தண்ணீர்க் குழாயில், பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு சுத்தமான இடத்தில் செலவிட வேண்டும். இவை புகைப்படத்தில் விழாத வேலைகள். அதனால்தான் ஒருவரும் செய்வதில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தால் அது இன்னும் வேடிக்கை. கும்பகோணத்தை ஒட்டினாற்போல் தாராசுரம். அங்குள்ள சோழர் கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 1958-ன் தொல்பொருள் சட்டத்தை 2010-ல் திருத்தி அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் குடியிருப்பவர் தம் சொந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் மனுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அங்கிருந்து கும்பகோணத்துக் கடைத்தெருவுக்கு வந்தால், அந்தச் சட்டத்தின் நிழல்கூட விழாத கட்டடங்கள் எத்தனையோ. ஒரு பக்கம் மூச்சு முட்டுகிற கட்டுப்பாடு, மறுபக்கம் கேட்பாரில்லை. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்காக ஓர் ஆணையம் வேண்டும் என்று 2012-ல் சட்டம் இயற்றினார்கள். அது உருவெடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நூறு வருஷக் கட்டடத்தைக் காக்கிற காரியத்தில் பத்து வருஷம் என்ன பெரிது என்று நினைத்தார்கள் போலும்!

குறை மட்டும் சொல்லிவிட்டு நழுவுகிற வழக்கம் எனக்கில்லை. என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் பெரிய பெரிய கடை வளாகங்கள் நெடுஞ்சாலைக்குப் போய், சிற்றூர்களின் மெயின் தெருக்கள் காலியான காலம் உண்டு. அங்குள்ள மரபுப் பாதுகாப்பு ஸ்தாபனம் ஒன்று 1977-ல் மூன்று சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்துப் பரீட்சை செய்தது: இல்லினாய் ராஜ்யத்தில் கேல்ஸ்பர்க், இந்தியானாவில் மேடிசன், தெற்கு டகோட்டாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ். அவர்கள் செய்த முதல் காரியம், கட்டடத்தைத் தொடுவதற்கு முன், தெருவைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை ஊருக்கு ஒருவராக நியமித்தது. வியாபாரிகள், வீட்டுக்காரர்கள், நகரசபை, பாங்கு எல்லோரையும் ஒரு மேஜையில் உட்கார வைப்பது அவர் வேலை. கட்டடத்தைச் சீர்செய்வது அந்தத் திட்டத்தின் நான்கு கால்களில் ஒன்றே ஒன்றுதான். ஊராரை ஒன்றுசேர்ப்பது, தெருவைப் பற்றி வெளியே சொல்வது, வியாபாரத்தையே பலப்படுத்துவது என்பவை மற்ற மூன்று. நாம் வெளிநாட்டிலிருந்து எதையாவது காப்பியடிப்பதென்றால் முதல் காலை மட்டும் காப்பியடிக்கிறோம். ஒற்றைக் காலில் நிற்கத் தவசியால் முடியும், தெருவால் முடியாது.

நம் ஊருக்கு நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. கச்சேரிகளில் ஒன்றிரண்டையாவது ஊருக்குள்ளேயே வைத்திருங்கள். பெரிய பஸ்கள் வெளியே நிற்கட்டும். கடைத்தெரு வரை வந்து போகச் சின்ன பஸ் விடுங்கள். மாடிகளில் மறுபடியும் ஆட்கள் குடிவர வழி செய்யுங்கள். குடியிருக்கும் மாடிக்குச் சொத்து வரியில் சலுகை கொடுத்தால் நகரசபை ஓட்டாண்டியாகிவிடாது. பழைய வீட்டைச் சீர்செய்யக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கப் பாங்கிகளைக் கேளுங்கள். கார் வாங்கக் கொடுக்கிறவர்கள் கூரை மாற்றக் கொடுக்கக்கூடாதா? சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளே உளுத்துவிடும். இது தெரிந்த கொத்தனார்கள் அருகி வருகிறார்கள். அவர்களிடம் பத்துப் பையன்களை உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான கோயில் ஊர்களில் கடைகள் நிற்கும் மனையில் ஒரு பகுதி தேவஸ்தானத்தினுடையது. வாடகைப் பாக்கி வழக்கில் காட்டும் சுறுசுறுப்பைச் சொந்தக் கட்டடத்தின் கூரையிலும் காட்டட்டும்.

நடைபாதை வியாபாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருவை அழகுபடுத்துகிறவர்கள் முதலில் துரத்துவது பூக்காரியையும் வெற்றிலைக்காரரையும்தான். 2014-ல் தெருவியாபாரிகளுக்கென்று மத்திய சர்க்கார் சட்டமே போட்டிருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் அதற்காக அமைக்கிற குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் அந்த வியாபாரிகளே தேர்ந்தெடுத்த அவர்களுடைய ஆட்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த வெற்றிலையைக் கவுளி கட்டித் தெருவோரத்தில் விற்கிறவளுக்கு உட்கார நாலு அடி இடம் இல்லையென்றால், குறியீட்டைச் சட்டம் போட்டு எங்கே மாட்டுவது?

வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். தெரு செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர், நாலடி அகல நடைபாதையை மூன்றரையடி சரக்கால் அடைத்து வைத்திருப்பவர்கள். அழகான மரத்தூண் முகப்பைத் தகரத்தால் மூடிப் பத்தடி உயரத்துக்குத் தம் பெயரை எழுதி வைத்திருப்பவர்கள். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, 'கடையைப் பார்க்க ஆளில்லை' என்கிறவர்கள். சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்காரைச் செய்யச் சொல்வோம். நடைபாதையைக் காலி செய்வதற்குச் சர்க்கார் உத்தரவு எதற்கு?

கட்டுரையைப் படிக்கிற நீங்களும் தப்ப முடியாது. எதை வாங்குவதற்கும் கைப்பேசியில் விரலை வைத்துவிட்டு, எப்போதாவது ஊருக்குப் போகும்போது, 'அந்தக் கடை மூடிவிட்டானா? அடடா!' என்று வருத்தப்படுவது சுலபம். அந்த 'அடடா'வை வைத்துக்கொண்டு கடைக்காரர் மின்கட்டணம் கட்ட முடியாது. ஊருக்குப் போனால் ஒரு வேஷ்டியையோ ஒரு வெண்கலக் கரண்டியையோ காசு கொடுத்து வாங்குங்கள். ஒரு தெருவுக்கு நாம் காட்டக்கூடிய முதல் மரியாதை, அங்கே நின்று படம் எடுப்பதல்ல, சாமான் வாங்குவது.

2028 மகாமகத்துக்கு இன்னும் வெகு நாள் இல்லை. தீர்த்தமாடிவிட்டு ஜனங்கள் ஊருக்குத் திரும்பிய பின், மறுவாரம் திங்கட்கிழமை காலையில் பெரிய கடைத்தெருவில் எத்தனை கடைகள் திறக்கின்றன, இரவு எத்தனை மாடிகளில் விளக்கு எரிகிறது என்று யாராவது எண்ணட்டும். திட்டம் ஜெயித்ததா தோற்றதா என்பதற்கு அந்தக் கணக்குப் போதும். ரிப்பன் வெட்டிய புகைப்படத்தை என்னிடம் காட்ட வேண்டாம்.